பல் ஏன் கூசுகிறது? பல் தெரபிஸ்ட் என்பவர் யார்?

கிளிமூக்கு மாங்காயைக் கீறி உப்பும் மிளகாய்த்தூளும் தூவி வைத்தால் யாருக்குத்தான் கை நீளாது? மூன்றாவது துண்டிலேயே பல் கூச ஆரம்பிக்கும். நாக்கு கேட்கும், பல் மறுக்கும். ராத்திரிச் சாப்பாட்டுக்குள் சரியாகிவிடும் என்பது சின்ன வயதுக் கணக்கு. நாற்பத்தைந்தைத் தாண்டிய பிறகு எனக்கு அந்தக் கணக்கு தப்பியது. மாங்காய் சீசன் முடிந்து இரண்டு மாதமாகியும் பானைத் தண்ணீர் பட்டாலே இடது பக்க மேல்வரிசையில் சுரீர் என்றது. ஒரு பக்கமாகவே மென்று, ஒரு பக்கமாகவே குடித்துக் காலம் தள்ளினேன்.

அண்ணன் மகள் இங்கிலாந்தில் பல் தெரபிஸ்ட். "பல் டாக்டரா?" என்று கேட்கிற உறவினர்களுக்கு அண்ணி பத்து வருஷமாகப் பதில் சொல்லிக் களைத்துவிட்டார். ஒருநாள் வீடியோ காலில் நான் காபியை ஊதி ஊதிக் குடிப்பதைப் பார்த்துவிட்டு அவள் கேட்டாள்: "சித்தப்பா, உங்க பிரஷை எடுத்துட்டு வாங்க. கேமரா முன்னாடி எப்பவும் போல பல் தேய்ங்க, பாக்கறேன்." பல்லைக் காட்டச் சொல்வாள் என்று நினைத்தேன். அவள் கேட்டது பிரஷை. அதற்குக் காரணம் இருக்கிறது, வருகிறேன்.

பல்லுக்குள் இருக்கும் குழாய்கள்

வெயிலில் கண் கூசுகிறது, விலாவில் விரல் பட்டால் உடம்பு கூசுகிறது, புளிப்புக்குப் பல் கூசுகிறது. மூன்றுக்கும் தமிழில் ஒரே சொல். மூடியிருக்க வேண்டியது திறந்திருக்கும்போது வருகிற உணர்வு என்று பொதுவாகச் சொல்லலாம். பல் விஷயத்தில் இது கிட்டத்தட்ட அப்படியே உண்மை.

பல்லின் வெளியே தெரியும் வெள்ளைப் பகுதிக்கு மேல் போர்த்தியிருப்பது எனாமல். நம் உடம்பிலேயே கடினமான பொருள் அதுதான். எடையில் சுமார் 96 சதவீதம் தாதுப்பொருள். அதில் நரம்பு கிடையாது, எனவே அது வலிக்காது. எனாமலுக்கு அடியில் இருப்பது டென்டின். கொஞ்சம் மஞ்சள் நிறம், எலும்பைப் போன்றது, எனாமலைவிட மென்மை. டென்டினுக்கும் உள்ளே பல்கூழ். ரத்தக்குழாய்களும் நரம்புகளும் அங்கேதான் இருக்கின்றன.

டென்டின் ஒரே பாளமாக இருப்பதில்லை. நெருக்கிக் கட்டிய வைக்கோல் கட்டை அரிவாளால் ஒரே வெட்டாக வெட்டி, வெட்டுமுனையைப் பார்த்தால் எப்படி இருக்கும்? துளைத் துளையாக. டென்டின் அப்படித்தான். ஒவ்வொரு துளையும் பல்கூழ் வரை போகிற ஒரு நுண்குழாயின் வாய். விட்டம் 1 முதல் 3 மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒன்று முதல் மூன்று பங்கு. தலைமுடியின் தடிமனில் மிகச் சின்னப் பங்குதான். ஒரு சதுர மில்லிமீட்டரில் இப்படிப் பல்லாயிரம் குழாய்கள், பல்கூழை நெருங்க நெருங்க இன்னும் நெரிசல். எல்லாவற்றிலும் திரவம் நிரம்பியிருக்கிறது.

எனாமல் மூடியிருக்கும்வரை இந்தக் குழாய்களின் வாய் அடைபட்டிருக்கும். ஈறுக்குள் புதைந்த வேர்ப்பகுதியில் எனாமல் கிடையாது. அங்கே சிமென்டம் என்ற மெல்லிய பூச்சும் அதன்மேல் ஈறும்தான் காவல். ஈறு இறங்கினால் அந்தப் பூச்சு சீக்கிரம் தேய்ந்து டென்டின் வெளியே வந்துவிடும்.

வெளியே வந்தால் ஏன் வலிக்க வேண்டும்? வெகுகாலம் இது புதிராகவே இருந்தது. குளிர் பட்டாலும் அதே சுரீர், இனிப்பு பட்டாலும் அதே சுரீர், வாயைத் திறந்து காற்றை உறிஞ்சினாலும் அதே சுரீர். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இத்தனை விஷயங்களுக்குப் பல் ஒரே பதிலைத் தருகிறது. குழாய்த் திரவம் அசைவதுதான் காரணமாக இருக்கும் என்று 1900-லேயே சூரிச்சில் ஆல்ஃபிரட் கிசி என்பவர் சொன்னார். 1960-களில் ஸ்வீடனின் மார்ட்டின் பிரான்ஸ்ட்ரோம் அதைச் சோதனைகளால் நிலைநாட்டினார். குளிர் பட்டால் திரவம் வெளிப்பக்கமாக நகர்கிறது. காற்று பட்டால் மேல்முனை உலர்ந்து திரவத்தை இழுக்கிறது. இனிப்பு பட்டால், உப்பு ஊறுகாய் மாங்காயிலிருந்து நீரை இழுப்பதுபோலச் சர்க்கரை குழாயிலிருந்து திரவத்தை இழுக்கிறது. இந்தச் சின்ன நகர்வு குழாயின் அடியில் இருக்கிற நரம்பு நுனியைச் சுண்டுகிறது. அதுதான் சுரீர். குளிர் போனதும் திரவம் நிலைக்கு வந்துவிடும், வலியும் நிற்கும். அதனால்தான் உண்மையான பல் கூச்சம் வெட்டிவிட்டு ஓடும் மின்னல் மாதிரி சில நொடிகளில் முடிந்துவிடுகிறது.

கூசும் பல்லையும் கூசாத பல்லையும் நுண்ணோக்கியில் ஒப்பிட்டவர்கள், கூசும் பல்லில் திறந்த குழாய்கள் ஏறத்தாழ எட்டு மடங்கு அதிகம், அகலமும் சுமார் இரண்டு மடங்கு என்று கண்டார்கள். ஆக, டென்டின் வெளியே வந்த எல்லோருக்கும் கூசுவதில்லை. வாய் திறந்த குழாய் இருக்க வேண்டும். உமிழ்நீரில் உள்ள கால்சியமும் பாஸ்பேட்டும் அந்த வாய்களை மெல்ல மெல்ல அடைத்துக்கொண்டே இருக்கும். நாம்தான் அமிலத்தாலும் பிரஷாலும் மறுபடி மறுபடி திறந்துவிடுகிறோம்.

யார் திறக்கிறார்கள்?

முதல் குற்றவாளி அழுத்தித் தேய்ப்பது. பாத்திரம் துலக்குவதுபோலக் குறுக்கும் நெடுக்குமாக அறுத்தால், பல்லும் ஈறும் சேரும் கழுத்தில் ஒரு பள்ளம் விழும். வலக்கைக்காரர்களுக்கு இது பெரும்பாலும் இடது பக்கக் கோரைப்பல்லிலும் அதையடுத்த சிறு கடைவாய்ப்பற்களிலும் வரும். கை அங்கேதான் முழு விசையோடு போய் இறங்குகிறது. என் பல்லும் அதே இடம். வெறும் பிரஷ் மட்டும் எனாமலைப் பெரிதாக ஒன்றும் செய்யாது. அதோடு சேரும் பொடிதான் தேய்க்கிறது. உமிக்கரி, சாம்பல், செங்கல் பொடி எல்லாம் பல்லை வெளுப்பாக்கும் என்பது உண்மை, உப்புத்தாள் மரத்தை வெளுப்பாக்குகிற மாதிரி. இப்போது அதே கரியை அழகான டப்பாவில் அடைத்து நல்ல விலைக்கு விற்கிறார்கள். தாத்தா இருந்தால் சிரித்திருப்பார்.

இரண்டாவது அமிலம். அமிலத்தை அளக்கும் pH எண் குறையக் குறைய அமிலம் கூடும். வாயில் அது 5.5-க்குக் கீழே போனால் எனாமல் கரையத் தொடங்கும். டென்டின் அதற்கு முன்பே, 6-ஐ ஒட்டிய அளவிலேயே கரையும். எலுமிச்சைச் சாறும் கோலா பானங்களும் 2-க்கும் 3-க்கும் இடையில் நிற்பவை. உடம்பு இளைக்க வெறும் வயிற்றில் எலுமிச்சைத் தண்ணீர் குடிக்கும் பழக்கம் பல்லுக்கு நல்லதல்ல. ஒரே மூச்சில் குடித்து முடித்தால்கூடப் பரவாயில்லை. பாட்டிலை மேஜையில் வைத்துக்கொண்டு காலை முழுக்க உறிஞ்சுவதுதான் கெடுதல், ஏனென்றால் உமிழ்நீருக்குச் சரிசெய்ய நேரமே கிடைப்பதில்லை. தயிரும் மோரும் புளிப்புதானே என்று கேட்பீர்கள். அவற்றில் கால்சியம் நிறைந்திருப்பதால் பல்லிலிருந்து எடுக்க வேண்டிய தேவை அந்த அமிலத்துக்கு இல்லை. மோர்சாதத்துக்குத் தடை கிடையாது.

அமிலம் உள்ளிருந்தும் வரும். நாள்பட்ட நெஞ்செரிச்சல், மசக்கை வாந்தி. வாந்தி எடுத்த கையோடு பல் தேய்ப்பது சுத்தமாகத் தோன்றும். ஆனால் அமிலத்தில் ஊறி இளகிய பல்லின்மேல் பிரஷ் போடுகிறோம். தண்ணீரில் நன்றாகக் கொப்பளித்துவிட்டு அரைமணியாவது பொறுக்க வேண்டும். புளிப்பு சாப்பிட்ட பிறகும் இதே விதி.

தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பது, ஈறு நோயால் ஈறு இறங்குவது, வெளுக்கும் சிகிச்சை செய்துகொள்வது எல்லாம் மற்ற காரணங்கள். இன்னொன்றை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். "க்ளீன் பண்ணப் போனேன், அன்னையிலிருந்து பல் கூசுது, பல்லே ஆடுது" என்று சொல்லாத மாமா நம் ஊரில் உண்டா? வருஷக்கணக்காகப் படிந்த காரை, இறங்கிய ஈறுக்குப் பதிலாக வேரை மூடிக்கொண்டிருந்தது. அதை எடுத்ததும் ஏற்கெனவே வெளியே வந்துவிட்ட டென்டின் காற்றைப் பார்க்கிறது. சில நாளில் பெரும்பாலும் அடங்கிவிடும். காரையை விட்டுவைத்தால் ஈறு இன்னும் இறங்கும்.

பேஸ்ட் என்ன செய்கிறது

கூச்சத்துக்கென்று விற்கும் பேஸ்ட்கள் இரண்டு வழியில் வேலை செய்கின்றன. ஒன்று நரம்பை அடக்குவது. 5 சதவீத பொட்டாசியம் நைட்ரேட் இருக்கும் பேஸ்ட்கள் இந்த வகை. பொட்டாசியம் குழாய் வழியாக இறங்கி நரம்பு நுனியை மந்தமாக்குகிறது. இன்னொன்று குழாயின் வாயை அடைப்பது. ஸ்டானஸ் ஃபுளோரைடு, அர்ஜினின், கால்சியம் சோடியம் பாஸ்போசிலிகேட் என்று டப்பாவின் பின்பக்கம் இருந்தால் அது அடைக்கும் வகை. எதுவானாலும் காலையும் இரவும் தேய்த்து இரண்டு முதல் நான்கு வாரம் பொறுத்துத்தான் பலன் தெரியும். நாலு நாள் பார்த்துவிட்டு வேறு பேஸ்ட் வாங்குகிறவர்கள் எந்தப் பேஸ்ட்டுக்கும் வாய்ப்பே கொடுப்பதில்லை.

தேய்த்து முடித்ததும் துப்புங்கள், ஆனால் தண்ணீர் விட்டுக் கொப்பளிக்காதீர்கள். நாலு செம்பு தண்ணீர் கொப்பளித்து வளர்ந்த நமக்கு இது கடினமான பாடம். ஆனால் கொப்பளித்தால் ஃபுளோரைடும் மருந்தும் வாஷ்பேசினுக்குத்தான் போகும். கிராம்பு எண்ணெய் தற்காலிகமாக மரத்துப்போகச் செய்யும், குழாயை அடைக்காது. அப்படியே ஊற்றினால் ஈறு வெந்துபோகும்.

இவ்வளவும் கூச்சத்துக்கு. சிக்கல் என்னவென்றால், நாம் கூச்சம் என்று சொல்வதெல்லாம் கூச்சம் இல்லை. சொத்தையும் ஆரம்பத்தில் இப்படித்தான் பேசும். குளிர் போன பின்னும் வலி நிமிடக்கணக்கில் நின்றால், சூடு பட்டு வலித்தால், ராத்திரி சும்மா இருக்கும்போதே துடித்து எழுப்பினால், பல்கூழ் வீங்கிக்கொண்டிருக்கலாம். கடித்துவிடும்போது ஒரு பல்லில் மட்டும் வெட்டினால் விரிசல் இருக்கலாம். இதையெல்லாம் பேஸ்ட்டால் மூடி மறைப்பது தீப்பிடித்த வீட்டில் ஜன்னலைச் சாத்துவது. யாரிடமாவது காட்ட வேண்டும். யாரிடம்?

தெரபிஸ்ட் எங்கிருந்து வந்தார்

முதல் உலகப்போருக்கு ஆள் எடுத்தபோது நியூசிலாந்து இளைஞர்களின் பல் இருந்த லட்சணம் அந்த நாட்டையே திடுக்கிட வைத்தது. ஊர் ஊராகப் போய்க் குழந்தைகளின் பல்லைப் பார்க்கப் போதுமான டாக்டர்கள் இல்லை. தாமஸ் ஹன்டர் என்ற பல் மருத்துவர் ஒரு யோசனை சொன்னார்: இளம்பெண்களுக்கு இரண்டு வருடப் பயிற்சி கொடுத்துப் பள்ளிக்கூடத்திலேயே உட்காரவைக்கலாம். 1921-ல் வெலிங்டனில் முதல் வகுப்பு தொடங்கியது. சொத்தையை அடைப்பது, பால்பல்லைப் பிடுங்குவது, எல்லாவற்றுக்கும் மேல் எப்படித் தேய்ப்பது என்று சொல்லிக்கொடுப்பது, இவைதான் அவர்கள் வேலை. காலால் மிதித்து ஓட்டும் துரப்பணத்துக்குப் பயந்த பிள்ளைகள் அந்த அறைக்குக் 'கொலைக்கூடம்' என்று பெயர் வைத்தார்கள் என்பது வேறு கதை. 'பள்ளிப் பல் நர்ஸ்' என்ற பெயர் பின்னால் 'பல் தெரபிஸ்ட்' ஆனது.

அந்த முறை தமிழர்கள் வாழும் நாடுகளுக்கும் வந்தது. மலேசியாவில் பினாங்கில் 1949-ல் பயிற்சி தொடங்கியது. சிங்கப்பூரில் தொடக்கப்பள்ளியில் படித்தவர்களைக் கேளுங்கள், பாடத்தின் நடுவே பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பள்ளிக்குள்ளேயே இருக்கும் பல் கிளினிக்குக்கு அனுப்பிய கதை ஆளுக்கொன்று வைத்திருப்பார்கள். இலங்கையில் பாடசாலைப் பல் சிகிச்சையாளர்கள் மகரகமயில் பயிற்சி பெற்றுப் பள்ளிப் பிள்ளைகளைக் கவனிக்கிறார்கள். அமெரிக்காவின் அலாஸ்கா, பூர்வகுடிக் கிராமங்களுக்காகத் தன் மாணவர்களை நியூசிலாந்துக்கே அனுப்பிப் படிக்கவைத்தது. அங்கே பல் மருத்துவர் சங்கம் இதை எதிர்த்து 2006-ல் வழக்குப் போட்டது, மறுவருடம் சமாதானமானது.

பெரியவர்களுக்கும் இவர்கள் சிகிச்சை செய்வதற்கு இங்கிலாந்து நல்ல உதாரணம். லண்டனின் நியூ கிராஸில் 1960-ல் பயிற்சிப் பள்ளி திறந்தார்கள். ரொம்ப நாள் அரசு மருத்துவமனை, பள்ளி மருத்துவச் சேவை என்ற வட்டத்துக்குள்ளேயே வைத்திருந்து, 2002-ல்தான் சாதாரண கிளினிக்குகளில் வேலை பார்க்க விட்டார்கள். 2013 மே மாதத்திலிருந்து டாக்டர் அனுப்பாமலே நோயாளி நேராகத் தெரபிஸ்ட்டிடம் போகலாம். இப்போது பெரும்பாலும் மூன்று வருடப் பட்டப்படிப்பு.

அண்ணி வசதிக்காக எளிமையாகச் சொன்னால் இப்படி. ஹைஜீனிஸ்ட் என்பவர் சுத்தம் செய்பவர், ஈறு பார்ப்பவர். தெரபிஸ்ட் அதையும் செய்வார், பெரியவர் குழந்தை இருவருக்கும் சொத்தையையும் அடைப்பார், எக்ஸ்ரே எடுப்பார், பால்பல்லைப் பிடுங்குவார். நிலைத்த பல்லைப் பிடுங்குவது, அதற்கு வேர்சிகிச்சை செய்வது, கேப் போடுவது, பல்செட் கட்டுவது எல்லாம் டாக்டர் வேலை.

கூசும் பல்லோடு போனால் அவர் என்ன செய்வார்? முதலில் கேள்விகள், நிறையக் கேள்விகள். எது பட்டால், எத்தனை நொடி, என்ன குடிக்கிறீர்கள், நெஞ்செரிச்சல் உண்டா. பிறகு ஒவ்வொரு பல்லாக மெல்லிய காற்றை ஊதிப் பார்ப்பார், நுனிக்கருவியால் தடவுவார், ஈறின் ஆழம் அளப்பார், சந்தேகம் இருந்தால் எக்ஸ்ரே. சொத்தையும் விரிசலும் இல்லை என்று உறுதியான பிறகுதான் கூச்சம் என்ற பெயரே கொடுப்பார். ஃபுளோரைடு வார்னிஷ் தடவுவார். நாம் வீட்டில் தேய்க்கும் பேஸ்ட்டில் பத்து லட்சத்துக்கு 1,000 முதல் 1,500 பங்கு ஃபுளோரைடு என்றால் இதில் 22,600. அன்றைக்குச் சில மணிநேரம் சூடாகவும் கடினமாகவும் எதுவும் சாப்பிடக் கூடாது. வார்னிஷ் போதாதென்றால் குழாயை மூடும் பிசின் பூச்சு, கழுத்தில் பள்ளம் விழுந்திருந்தால் பல் நிறத்தில் ஒரு அடைப்பு. பல்கூழ் வரை போய்விட்டது என்று தெரிந்தால் டாக்டருக்கு அனுப்பிவிடுவார். எங்கே தன் வேலை முடிகிறது என்று தெரிந்திருப்பது அந்தப் படிப்பில் முக்கியமான பகுதி என்பாள் அண்ணன் மகள்.

ஆனால் என் பார்வையில் அவர் செய்யும் பெரிய காரியம் இவை எதுவும் இல்லை. பூச்சு தேயும், அடைப்பு விழும், மறுபடி குழாய் திறக்கும், கை மாறாவிட்டால். கையை மாற்ற ஒருவர் பக்கத்தில் நின்று நாம் தேய்ப்பதைப் பார்க்க வேண்டும். தெரபிஸ்ட் என்ற தொழிலே பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுப்பதற்காக உருவானது. அந்தப் பொறுமை அதன் பிறப்பிலேயே இருக்கிறது.

இந்தியாவில் இப்படி ஒரு தொழில் கிடையாது. 1948-ன் பல் மருத்துவர் சட்டம் டாக்டரைத் தவிர ஹைஜீனிஸ்ட்டையும் பல்செட் செய்து கொடுக்கும் பல் மெக்கானிக்கையும் மட்டுமே சொன்னது, நடைமுறையில் ஹைஜீனிஸ்ட்டைப் பார்ப்பதே அபூர்வம். எல்லாவற்றையும் பி.டி.எஸ். படித்த டாக்டரே செய்கிறார். வெளியே பதினைந்து பேர் காத்திருக்கும்போது அவர் உங்கள் பிரஷைப் பார்ப்பார் என்று எதிர்பார்க்க முடியாது, நீங்களாகக் கேட்டால் ஒழிய. பல் மருத்துவக் கல்லூரிகளின் வெளிநோயாளர் பிரிவில் மாணவர்கள் இதற்கு நேரம் ஒதுக்குவார்கள். செலவும் குறைவு, காத்திருக்கும் நேரம்தான் கூட.

வீடியோ காலில் நான் அரை நிமிடம்கூடத் தேய்த்திருக்கமாட்டேன். "போதும் சித்தப்பா, நிறுத்துங்க" என்றாள். பிரஷைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டும் பட, பேனா மாதிரிப் பிடிக்கச் சொன்னாள். ஐந்து விரலாலும் பிடித்தால் விசை தானாகக் கூடுமாம். முள்ளை ஈறுப்பக்கம் சாய்த்துச் சின்னச் சின்ன வட்டமாக, இரண்டு நிமிடம், மென்மை என்று எழுதிய பிரஷில். "நான் இப்படிப் பாத்து சொல்றது வேற, ஒருத்தர் கருவி வெச்சுப் பாக்கறது வேற. நாளைக்கே டாக்டர்கிட்ட போங்க" என்றும் சொன்னாள். போனேன். சொத்தை இல்லை, கழுத்தில் இரண்டு பல்லில் பள்ளம்.

பிரஷையும் சட்டைப்பையில் கொண்டுபோயிருந்தேன். வாங்கி இரண்டு மாதம்கூட ஆகவில்லை, ஆனால் ஒரு பக்க முள் முழுக்கப் புயலில் சாய்ந்த நெற்பயிர் மாதிரி படுத்திருந்தது. டாக்டர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, என் இடது கன்னத்தைச் சுட்டிக்காட்டி, "இந்தப் பக்கம்தானே?" என்று கேட்டார். நான் இன்னும் வாயே திறக்கவில்லை.